பல்சருக்குத் துணையான வெண்குறுமீன்: படமா, நிறமாலையா, தொடர் அளவீடா?

புதிதாக ஒரு மில்லிவினாடிப் பல்சர், அதாவது நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழன்று ரேடியோ துடிப்புகளை அனுப்பும் நியூட்ரான் விண்மீன், கையில் இருக்கிறது. ரேடியோ டைமிங் (துடிப்புகள் வந்துசேரும் நேரத்தை அளப்பது) முடிந்துவிட்டது, சுற்றுக்காலம் பல தசம இடங்கள் வரை தெரியும், துணையாக இருப்பது ஒரு வெண்குறுமீன்தான் (எரிந்து முடிந்த விண்மீனின் சுருங்கிய மிச்சம்) என்று நிறைக்கணக்கு சொல்கிறது. தொலைநோக்கி நேரம் கேட்டு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி நெருங்குகிறது. போட முடிந்தது ஒரே ஒரு விண்ணப்பம். எதைக் கேட்பது?

இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு கேட்பவர்கள் பெரும்பாலும் மனதுக்குள் ஏற்கெனவே நிறமாலையை, அதாவது துணையின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அதிலுள்ள இருண்ட கோடுகளை அளப்பதை, தேர்ந்தெடுத்துவிட்டார்கள். "நியூட்ரான் விண்மீனின் நிறை வேண்டும், அதற்கு நிறமாலைதானே வழி?" என்று உறுதி கேட்கத்தான் வருகிறார்கள். சிலருக்கு அது சரியான முடிவு. பலருக்கு அதற்கு முன்னால் எடுத்திருக்க வேண்டிய இரண்டே இரண்டு படங்கள் விட்டுப்போயிருக்கும். அந்தப் படங்கள் இல்லாமல் கேட்ட நிறமாலை நேரம், கோடே இல்லாத ஒரு வெறும் பட்டையாக முடியக்கூடும். நல்ல வானிலையில் 8 மீட்டர் தொலைநோக்கியின் ஓர் இரவு அப்படிப் போவதைப் பார்ப்பது வேதனையான விஷயம்.

ஆகவே வழிகளை ஒப்பிடுவதற்கு முன் அளவுகோல்களை வைத்துவிடுவோம்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

எந்த எண் வேண்டும்? முதல் கேள்வி இதுதான். துணை எது என்று அடையாளம் காண்பது, அதன் வெப்பநிலையும் வயதும், அதன் ஆரம், இரண்டு விண்மீன்களின் நிறை விகிதம், வெண்குறுமீனின் உள்கட்டமைப்பு என்று ஐந்து வெவ்வேறு இலக்குகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பாதை வேறு.

துணை சூடாக இருக்குமா, ஆறியிருக்குமா? என் கணிப்பில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்த அளவுகோல்தான். வெண்குறுமீனின் ஹைட்ரஜன் வளிமண்டலம் 8,000 அல்லது 10,000 கெல்வின் சூட்டில் இருந்தால் பால்மர் கோடுகள் (ஹைட்ரஜன் ஒளியை உறிஞ்சுவதால் வரும் கோடுகள்) ஆழமாக, அழகாகத் தெரியும். 5,000 கெல்வினுக்குக் கீழே போனால் ஹைட்ரஜன் அணுக்களை அந்தக் கோடுகளை உண்டாக்கும் நிலைக்கு ஏற்றும் அளவு சூடு இல்லை. கோடு மறைந்துவிடும்.

வானத்தைப் பார்க்கும் முன்பே இதை ஓரளவு ஊகிக்கலாம். சுற்றுக்காலத்துக்கும் ஹீலியம் வெண்குறுமீனின் நிறைக்கும் ஒரு தொடர்பு உண்டு என்று தௌரிஸும் சவோனியேவும் 1999-ல் கணக்கிட்டுக் காட்டினார்கள். சுற்றுக்காலம் குறையக் குறைய நிறையும் குறையும். சுமார் 0.18 முதல் 0.2 சூரிய நிறைக்குக் கீழே இருக்கும் வெண்குறுமீன்களுக்குத் தடித்த ஹைட்ரஜன் உறை தங்கிவிடுகிறது. அதன் அடியில் அணுக்கரு எரிப்பு மெல்ல மெல்லத் தொடர்வதால், பல நூறு கோடி ஆண்டுகள் கழித்தும் சூடு குறையாமல் இருக்கும். அதற்கு மேல் நிறை உள்ளவை இடையிடையே ஏற்படும் வெடிப்பு எரிப்புகளில் உறையை இழந்து வேகமாக ஆறிவிடும். ஒரு நாளுக்கும் குறைவான சுற்றுக்காலம் என்றால் சூடான துணை, பத்து இருபது நாள் என்றால் ஆறிய துணை என்பது நல்ல முதல் ஊகம்.

ஆனால் ஊகம் ஊகம்தான். ஜே0751+1807 என்ற பல்சரின் சுற்றுக்காலம் ஆறரை மணி நேரம்கூட இல்லை. விதிப்படி சூடாக இருந்திருக்க வேண்டிய அதன் துணை, 2006-ல் பாஸா குழுவினர் கெக் தொலைநோக்கிப் படங்களைக் கொண்டு வெளியிட்ட ஆய்வில் சிவந்து, ஏறக்குறைய 4,000 கெல்வின் அளவில் நின்றது.

எவ்வளவு மங்கல்? வான ஒளியே மேலோங்கி நிற்கும் அளவுக்கு மங்கலான பொருளில், ஓர் ஒளித்தரம் (பிரகாசத்தின் அளவு, எண் கூடக் கூட மங்கல்) மங்கினால் அதே தரமான அளவீட்டுக்கு 6.3 மடங்கு நேரம் வேண்டும். 21-ல் ஒரு மணி நேரம் என்றால் 22-ல் ஆறரை மணி நேரம், 23-ல் 40 மணி நேரம். பல கனவுகளை இந்தக் கணக்கே முடித்துவைத்துவிடும்.

நெரிசல், தொலைவு, சுற்றுக்காலம். அக்கம்பக்கத்தில் எத்தனை விண்மீன்கள், தொலைவு எவ்வளவு நம்பகமாகத் தெரியும், சுற்றுக்காலத்தோடு ஒப்பிட்டால் எக்ஸ்போஷர் எவ்வளவு நீளம் என்ற மூன்றையும் ஒவ்வொரு வழியிலும் பார்ப்போம்.

இன்னொன்று. ஆப்டிக்கல் அளவீடு உங்களுக்குத் தேவையா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சுற்றுத்தளம் நம் பார்வைக்கு ஏறக்குறைய விளிம்பாக அமைந்து, ஷபீரோ தாமதம் (துணையின் ஈர்ப்பைக் கடந்து வரும் துடிப்புகள் தாமதிப்பது) நன்றாக அளக்கப்பட்டிருந்தால், இரண்டு நிறைகளையும் ரேடியோவே தந்துவிடும். ஜே1909-3744 அப்படிப்பட்டது. அங்கே ஆப்டிக்கலின் வேலை வேறு: முன்பே நிறை தெரிந்த ஒரு வெண்குறுமீனை வைத்து, நம் வெண்குறுமீன் மாதிரிகள் சரியா என்று சோதிப்பது.

## வழி 1: முன்பே எடுத்த வான அளவாய்வுகள்

காயா, ஸ்லோன், பான்-ஸ்டார்ஸ். விண்ணப்பம் வேண்டாம், காத்திருக்க வேண்டாம். பல்சரின் இடத்தை ரேடியோ டைமிங் மிகத் துல்லியமாகத் தருகிறது, அந்த இடத்தில் ஏதாவது புள்ளி இருக்கிறதா என்று ஒரு மாலைக்குள் பார்த்துவிடலாம். ஜே0337+1715, ஒரு பல்சரும் இரண்டு வெண்குறுமீன்களும் சேர்ந்த மூவர் அமைப்பு. அதன் உள்துணை 18-ம் ஒளித்தரத்துக்கு அருகில் இருப்பதால் அளவாய்வுப் படங்களிலேயே தெரிகிறது.

கவனிக்க வேண்டியது பல்சரின் நகர்வு. ஜே0437-4715 ஆண்டுக்குச் சுமார் 0.14 ஆர்க்செகண்ட் நகர்கிறது (ஓர் ஆர்க்செகண்ட் என்பது டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு). பத்தாண்டுக்கு முந்தைய படத்தில் இன்றைய இடத்தைத் தேடினால் 1.4 ஆர்க்செகண்ட் தள்ளித் தேடுவீர்கள். துணை அங்கே இருக்காது, தற்செயலாக வேறு ஏதோ ஒன்று இருக்கலாம். படம் எடுத்த தேதிக்குப் பல்சரின் இடத்தைக் கணக்கிட்ட பிறகுதான் தேடலைத் தொடங்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, ஆழம் போதாது. காயா ஏறக்குறைய 21-ம் ஒளித்தரத்தோடும், ஸ்லோன் 22-ஐ ஒட்டியும் நின்றுவிடும். இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது. காயாவில் துணை தெரிந்துவிட்டால் தொலைவும் கிடைத்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். 20-ம் ஒளித்தரத்தில் காயாவின் இடமாறு தோற்றப் (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறித் தெரியும் அளவு, தொலைவைத் தருவது) பிழை சுமார் அரை மில்லி ஆர்க்செகண்ட். ஜே1012+5307 இருப்பது சுமார் 830 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) தொலைவில், அதன் இடமாறு தோற்றமே 1.2 மில்லி ஆர்க்செகண்ட்தான். இப்படிப்பட்ட இடத்தில் காயா தருவது ஒரு குறிப்பு, தொலைவு அல்ல. ரேடியோவின் நீண்ட அடித்தள இடையீட்டு அளவீடு (தொலைதூர ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்து அளப்பது) இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

தென்வானப் பொருள் என்றால் ரூபின் ஆய்வகத்தைக் கணக்கில் வைக்கலாம். 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்ட அந்தத் தொலைநோக்கி, சிவப்பு ஃபில்டரில் ஒரே பார்வையில் சுமார் 24.5 வரை போகும்படி வடிவமைக்கப்பட்டது. படங்கள் குவியக் குவிய ஆழம் கூடும். அவசரமில்லாதவர்கள் காத்திருந்தே ஒரு விண்ணப்பத்தை மிச்சப்படுத்தலாம்.

## வழி 2: ஆழமான பல நிறப் படங்கள்

பெரும்பாலோருக்கு நான் சொல்வது இதைத்தான். இரண்டு ஃபில்டர், உதாரணமாக ஜி (நீலப்பச்சை), ஐ (அகச்சிவப்பை ஒட்டியது). முடிந்தால் யு-வும் (புற ஊதாவை ஒட்டியது). நல்ல சீயிங் (காற்றின் அசைவால் விண்மீன் எவ்வளவு கலங்கித் தெரிகிறது என்பது) உள்ள ஒரு சில மணி நேரம். அவ்வளவுதான் கேட்கிறீர்கள். கிடைப்பது: துணை இருக்கிறதா, எவ்வளவு பிரகாசம், எவ்வளவு சூடு. அடுத்த விண்ணப்பத்தின் தலைவிதி அந்த மூன்றில் இருக்கிறது.

அடையாளம் உறுதியா என்பதற்கு எளிய கணக்கு உண்டு. படத்தில் ஒரு சதுர ஆர்க்மினிட்டுக்கு 20 விண்மீன்கள், உங்கள் நிலைப்பிழை வட்டத்தின் ஆரம் அரை ஆர்க்செகண்ட் என்றால், தற்செயலாக ஒன்று உள்ளே விழும் வாய்ப்பு 0.4 சதவீதம்தான். அதோடு நிறமும் வெண்குறுமீனுக்குப் பொருந்தினால் நிம்மதியாக இருக்கலாம். இதே வட்டத்தைப் பால்வீதித் தளத்தின் அடர்ந்த பகுதியில் போட்டால் நிலைமை தலைகீழாகும். அங்கே வட்டத்தைச் சுருக்க வேண்டும், அதாவது காயா விண்மீன்களை வைத்துப் படத்தின் நிலைகளைப் பொறுமையாகச் சரிசெய்ய வேண்டும்.

வெப்பநிலையும் தொலைவும் தெரிந்தால் ஆரம் வந்துவிடும். ஆரத்தையும் வெப்பநிலையையும் மாதிரிகளோடு பொருத்தினால் வெண்குறுமீனின் நிறைகூட வரும். இங்கேதான் மறைந்திருக்கும் செலவு. ஆரம் தொலைவுக்கு நேர்விகிதத்தில் போகிறது. தொலைவில் 20 சதவீதப் பிழை இருந்தால் ஆரத்திலும் 20 சதவீதம். ரேடியோ அலையின் சிதறலை வைத்து, எலக்ட்ரான் அடர்த்தி மாதிரிகளிலிருந்து எடுத்த தொலைவு மட்டுமே உங்களிடம் இருந்தால், படம் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் அந்தப் பிழை குறையாது. இடைவெளித் தூசு ஒளியை மங்கவும் சிவக்கவும் வைப்பது அடுத்த தொல்லை. சூடான துணை தூசுக்குப் பின்னால் இருந்தால் ஆறியது போலத் தெரியும்.

யு ஃபில்டரைக் கேட்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பால்மர் தாவல், அதாவது ஹைட்ரஜன் உறிஞ்சுவதால் ஒளி சட்டென்று குறையும் எல்லை, விழும் இடம் அது. ஏறத்தாழ 8,000 கெல்வினுக்கு மேல் உள்ள வெண்குறுமீன்களில் யு-வுக்கும் ஜி-க்கும் உள்ள வித்தியாசம் மேற்பரப்பு ஈர்ப்பையும் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். ஆறிய துணையென்று முன்பே தெரிந்தால் யு-வை விட்டுவிட்டு, அந்த நேரத்தைச் சிவப்புப் பக்கம் செலவிடுங்கள்.

படம்தான் சிறந்த வழி, இதற்கு மேல் போகவே வேண்டாம் என்று சொல்லக்கூடிய அமைப்புகளும் இருக்கின்றன. ஜே0740+6620 என்ற கனமான நியூட்ரான் விண்மீனின் துணையை 2019-ல் கிரான் தெலஸ்கோப்பியோ கனாரியாஸ் படங்களில் கண்டறிந்தபோது அது மிகவும் ஆறிய வெண்குறுமீன் என்று தெரிந்தது. நியூட்ரான் விண்மீனின் நிறையை ஷபீரோ தாமதமே தந்துவிட்டது. ஆப்டிக்கல் தந்தது வயதைப் பற்றிய தகவல், அதற்குப் படமே போதுமானது.

## வழி 3: நிறமாலை

சரி, எல்லோரும் விரும்பும் வழிக்கு வருவோம். விரும்புவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது.

பல்சர் தன் சுற்றுப்பாதையில் என்ன வேகத்தில் போகிறது என்பதை டைமிங் அபாரமான துல்லியத்தில் தருகிறது. துணையின் வேகத்தை நிறமாலைக் கோடுகளின் டாப்ளர் அசைவு (துணை நெருங்கும்போது நீலப் பக்கமும் விலகும்போது சிவப்புப் பக்கமும் நகர்வது) தருகிறது. இரண்டையும் வகுத்தால் நிறை விகிதம். சாய்வுக்கோணம் வேண்டாம், தொலைவு வேண்டாம், மாதிரியும் வேண்டாம். ஜே1738+0333-ல் துணை நொடிக்கு 171 கிலோமீட்டர், பல்சர் 21.1 கிலோமீட்டர். விகிதம் 8.1. அதே நிறமாலையின் கோட்டு வடிவங்களிலிருந்து மேற்பரப்பு ஈர்ப்பும் வெப்பநிலையும் கிடைக்கும், அவற்றிலிருந்து வெண்குறுமீன் நிறை 0.181 சூரிய நிறை. பெருக்கினால் நியூட்ரான் விண்மீன் 1.47. அன்டோனியாடிஸ் குழுவினர் 2012-ல் ஜெமினி தொலைநோக்கியின் நிறமாலைகளைக் கொண்டு செய்த கணக்கு இது.

இந்தக் கணக்கில் இரண்டு பாதிகள் இருப்பதைப் பாருங்கள். விகிதம் என்ற பாதி சுத்தமான அளவீடு. வெண்குறுமீன் நிறை என்ற பாதி, வளிமண்டல மாதிரியையும் ஆர மாதிரியையும் நம்பி நிற்பது. விண்ணப்பம் எழுதும்போது இந்த வேறுபாடு மறந்துபோகிறது. முடிவில் வரும் பிழைக்கோட்டைப் பார்க்கும்போதும் மறந்துபோகிறது.

இதற்கு ஜே0348+0432-ஐ விட நல்ல உதாரணம் இல்லை. 2.46 மணி நேரச் சுற்று, நொடிக்கு 351 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் சூடான வெண்குறுமீன், சிலியிலுள்ள 8.2 மீட்டர் விஎல்டி தொலைநோக்கியில் எடுத்த நிறமாலைகள். 2013-ல் வந்த முடிவு: விகிதம் 11.70, வெண்குறுமீன் 0.172, நியூட்ரான் விண்மீன் 2.01 சூரிய நிறை. நியூட்ரான் விண்மீனுக்குள் பொருள் எப்படி இருக்கும் என்று கேட்கும் இயற்பியல் முழுவதும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டது. பத்தாண்டுக்கு மேல் கழித்து, கனடாவின் சைம் ரேடியோ தொலைநோக்கியின் டைமிங் அளவீடுகள் சேர்ந்தபோது, சுற்றுப்பாதை ஈர்ப்பலைகளால் சுருங்கும் வீதம் முன்பைவிடச் சுமார் ஆறு மடங்கு துல்லியமாகக் கிடைத்தது. அந்த வீதத்தையும் பழைய ஆப்டிக்கல் விகிதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் நியூட்ரான் விண்மீன் 1.806 மட்டுமே. 11.70 என்ற விகிதம் அப்படியே நின்றது. நகர்ந்தது மாதிரியை நம்பிய பாதி: 0.172 என்று இருந்த வெண்குறுமீன் நிறை 0.154-க்கு இறங்கியது.

இது 2013-ல் செய்தவர்களின் குறை அல்ல, அவர்கள் செய்தது மிகக் கவனமான வேலை. இவ்வளவு இலகுவான வெண்குறுமீன்களின் மாதிரிகள் எந்த அளவுக்குச் சோதிக்கப்பட்டவை என்பதன் எல்லை அது. நீங்கள் நிறமாலையைத் தேர்ந்தெடுத்தால், விகிதத்தையும் நிறையையும் தனித்தனிப் பிழைகளோடு எழுதுங்கள். தொலைவு தனியாகத் தெரிந்தால் படத்திலிருந்து ஆரத்தையும் கணக்கிட்டு, இரண்டு வழியிலும் நிறை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போவதும் உண்டு. ஜே1012+5307-க்கு 1998-ல் நிறமாலையிலிருந்து கணித்த தொலைவு 840 பார்செக். 2020-ல் ரேடியோ இடையீட்டு அளவீடு தந்தது 830.

இனி, தொலைநோக்கி அருகில் நின்று பார்த்தால் தெரியும் செலவுகள்.

முதலாவது ஸ்லிட், விண்மீனின் ஒளி நிறமாலைமானிக்குள் நுழையும் குறுகிய பிளவு. ஒரு ஆர்க்செகண்ட் அகல ஸ்லிட், பிரிதிறன் (நெருங்கிய அலைநீளங்களைப் பிரித்துக் காட்டும் திறன்) 2,000 என்றால் ஸ்லிட்டின் முழு அகலம் நொடிக்கு 150 கிலோமீட்டருக்குச் சமம். அந்த இரவு சீயிங் அருமையாக, 0.6 ஆர்க்செகண்டாக இருக்கிறது. விண்மீன் ஸ்லிட்டை நிரப்பவில்லை. அது நடுவிலிருந்து 0.1 ஆர்க்செகண்ட் விலகி உட்கார்ந்தால் போதும், 15 கிலோமீட்டர் பொய் வேகம் சேர்ந்துவிடும். சீயிங் நன்றாக இருக்கும் இரவில்தான் இந்தத் தொல்லை அதிகம் என்பது புதிதாக வருபவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். தீர்வு, ஸ்லிட்டைச் சுழற்றி அருகிலிருக்கும் ஒரு பிரகாசமான விண்மீனையும் அதே ஸ்லிட்டில் வைப்பது. விலகல் இரண்டுக்கும் பொதுவாகிவிடும், கழித்துவிடலாம். ஆனால் அப்படிச் சுழற்றினால் ஸ்லிட் செங்குத்துத் திசையில் இருக்காது. வளிமண்டலம் நீலத்தையும் சிவப்பையும் வேறுவேறு இடத்தில் விழ வைப்பதால் நீல ஒளி ஸ்லிட்டுக்கு வெளியே போய்விடும். மேற்பரப்பு ஈர்ப்பைச் சொல்லும் உயர் பால்மர் கோடுகள் 3,700 முதல் 4,000 ஆங்ஸ்ட்ராம் வரையிலான அந்த நீலத்தில்தான் இருக்கின்றன. ஆகவே இந்தச் சிதறலைச் சரிசெய்யும் கருவி உள்ள நிறமாலைமானியைக் கேளுங்கள். இல்லையென்றால் பொருள் தலைக்கு மேலே உயரமாக இருக்கும் மணிகளை மட்டும் கேளுங்கள். நிலவில்லாத இரவையும் குறிப்பிட மறக்காதீர்கள், நிலவொளியும் அதே நீலத்தைத்தான் கெடுக்கும்.

இரண்டாவது எக்ஸ்போஷர் நீளம். ஜே0348 போன்ற 2.46 மணி நேரச் சுற்றில் அரை மணி நேரம் திறந்து வைத்தால், அதற்குள் துணை சுற்றில் 73 டிகிரி போய்விடும். வேக வீச்சு கிட்டத்தட்ட 7 சதவீதம் குறைந்து தெரியும், அதாவது 351 என்பது 328 போல. கால் மணி நேரம் என்றால் இழப்பு 2 சதவீதத்துக்குள். இதைக் கணக்கில் திருத்தலாம், ஆனால் கோடு அகன்றுபோவதால் ஈர்ப்பு அளவீடும் கெடும். எக்ஸ்போஷரைச் சுருக்கினால் ஒவ்வொன்றிலும் வாசிப்பு இரைச்சல் (கேமரா படத்தைப் படிக்கும்போது சேரும் பிழை) ஏறும். இந்த இழுபறியைச் சமாளிக்கும் அளவுக்குத் துணை பிரகாசமாக இருக்க வேண்டும். 8 மீட்டர் தொலைநோக்கியில் 22-ஐ ஒட்டிய ஒளித்தரம்தான் நடைமுறை எல்லை.

மூன்றாவது, கோடே இல்லாமல் போவது. ஜே0437-4715 நமக்குச் சுமார் 157 பார்செக் தொலைவில், மிக அருகில் இருக்கிறது. டைமிங்கில் மிகச் சிறந்தவற்றில் ஒன்று, துணையின் ஒளித்தரம் ஏறக்குறைய 21. எழுதி வைத்துப் பார்த்தால் நிறமாலைக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கு கிடையாது. ஆனால் துணையின் வெப்பநிலை சுமார் 4,000 கெல்வின். வேகம் அளக்கப் பிடித்துக்கொள்ளக் கோடு ஒன்றும் இல்லை.

## வழி 4: வேகமான தொடர் ஒளி அளவீடு

ஒரே இடத்தைப் பல மணி நேரம், சில நொடிகளுக்கு ஒரு படமாக எடுப்பது. அல்ட்ராகேம், ஹைப்பர்கேம் போன்ற கேமராக்கள் இதற்காகவே கட்டப்பட்டவை. ஹைப்பர்கேம் ஒரே நேரத்தில் ஐந்து நிறங்களில் படம் எடுக்கும்.

இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் பலர் வேறொரு குடும்பத்தின் அனுபவத்தை மனதில் வைத்திருக்கிறார்கள். கருப்பு விதவை வகைப் பல்சர்களில் துணை பல்சரின் காற்றால் ஒரு பக்கம் சுட்டு, சுற்றுக்குச் சுற்று பல ஒளித்தரங்கள் ஏறி இறங்கும். வெண்குறுமீன் துணைகள் சிறியவை, தாமே சூடானவை. அந்த நாடகம் இங்கே பெரும்பாலும் நடக்காது. ஒளி மாறவில்லை என்று தெரிவதற்கும் பயன் உண்டு, நிறமாலையில் ஒருபக்கச் சூட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று உறுதிப்படுத்தும். ஆனால் அதற்காக மட்டும் ஒரு முழு விண்ணப்பத்தைச் செலவிட வேண்டியதில்லை.

பெரிய பரிசு அதிர்வுகள். மிக இலகுவான வெண்குறுமீன்களில் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைப் பட்டைக்குள் இருப்பவை அதிரும். 2015-ல் கிலிச் குழுவினர் ஜெமினியில் இரண்டு துணைகளைத் தொடர்ந்து அளந்தார்கள். ஜே1738+0333-ன் துணை ஏறக்குறைய 1,790 முதல் 3,060 நொடி வரையிலான காலங்களில் அதிர்வதைக் கண்டார்கள். மில்லிவினாடிப் பல்சருக்குத் துணையாக இருக்கும் அதிரும் வெண்குறுமீன்களில் அதுதான் முதலாவது. ஜே1909-3744-ன் துணையில் ஒன்றும் இல்லை, 0.1 சதவீத அளவுக்குக்கூட மாற்றம் தெரியவில்லை.

அந்த இரண்டில் ஒன்று என்பதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலையும் ஈர்ப்பும் நிறமாலையிலிருந்து தெரிந்து, அதிர்வுப் பட்டைக்குள் விழுகிறது என்று காட்டிய பிறகுதான் இந்த வழி. இன்னொரு செலவு: அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை நீளும் அதிர்வுகளை, காற்றடுக்கு மாறுவதால் வரும் மெதுவான ஏற்ற இறக்கத்திலிருந்து பிரிப்பது கடினம். அதே படத்தில் ஒத்த நிறமுள்ள நல்ல ஒப்பீட்டு விண்மீன்கள் இருக்க வேண்டும். துணை நீலம், சுற்றியிருப்பவை எல்லாம் சிவப்பு என்றால், பொருள் அடிவானம் நோக்கி இறங்க இறங்கப் பொய்யான சரிவு ஒன்று தோன்றும்.

## வழி 5: விண்வெளித் தொலைநோக்கி

கோளக்கொத்தின், அதாவது லட்சக்கணக்கான விண்மீன்கள் நெருங்கி நிற்கும் உருண்டைக் கொத்தின், நடுவில் உங்கள் பல்சர் இருந்தால் வேறு வழியே இல்லை. 47 டுகானே என்ற கொத்தில் யு என்ற பல்சரின் வெண்குறுமீன் துணையை எட்மண்ட்ஸ் குழுவினர் 2001-ல் ஹப்பிள் படங்களில் கண்டார்கள். 2015-ல் புற ஊதாப் படங்களில் மேலும் சில துணைகள் வெளிப்பட்டன. புற ஊதாவில் கொத்தின் சிவந்த விண்மீன்கள் மங்கிப்போக, சூடான வெண்குறுமீன் தனியாக எழுந்து நிற்கும்.

கோளக்கொத்து என்றாலே ஹப்பிள் என்று முடிவுகட்டவும் வேண்டாம். என்ஜிசி 6752-ஐச் சேர்ந்த ஜே1911-5958ஏ கொத்தின் மையத்திலிருந்து வெகுதூரம் விலகி, நெரிசல் குறைந்த இடத்தில் இருக்கிறது. அதற்குத் தரையிலிருந்து விஎல்டி நிறமாலையே எடுக்க முடிந்தது.

ஹப்பிளின் கண்ணாடி 2.4 மீட்டர்தான், போட்டி கடுமை, 2024 ஜூன் முதல் ஒரே கைரோவோடு (தொலைநோக்கியைத் திசை மாறாமல் வைக்க உதவும் கருவி) இயங்குவதால் செய்ய முடிகிற வேலையும் குறைந்திருக்கிறது. நெரிசல் இல்லாத, தரையிலிருந்தே தெரியும் துணைக்கு இதைக் கேட்டால் நேரம் ஒதுக்கும் குழு நிராகரிக்கும், அது நியாயமும்கூட. விதிவிலக்கு ஒன்று உண்டு. துணை ஆறியதாக இருந்தால் தொலைப் புற ஊதாவில் அது இருட்டாகிவிடும், பல்சரே தெரிய ஆரம்பிக்கும். ஜே0437-ல் நியூட்ரான் விண்மீனின் மேற்பரப்புச் சூட்டை, ஏறத்தாழ ஒரு லட்சம் கெல்வினை, ஹப்பிள் அப்படித்தான் கண்டது. நிறமாலைக்காரர்களை ஏமாற்றிய அதே குளிர்ந்த துணைதான் இங்கே வழிவிட்டு நின்றது.

## ஒரே பார்வையில்

| வழி | சிறப்பாகத் தருவது | நடைமுறை ஒளித்தர எல்லை | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| அளவாய்வுப் படங்கள் | முதல் அடையாளம் | 21–22 | நகர்வைக் கணக்கிடாத தவறு, நம்ப முடியாத தொலைவு |
| பல நிறப் படங்கள் | வெப்பநிலை, வயது, ஆரம் | 8–10 மீட்டரில் சுமார் 26 | தொலைவுப் பிழை, தூசு |
| நிறமாலை | நிறை விகிதம், ஈர்ப்பு | 8 மீட்டரில் சுமார் 22 | ஸ்லிட் விலகல், மாதிரி மீதான நம்பிக்கை, கோடு இல்லாமை |
| தொடர் அளவீடு | அதிர்வுகள் | 8–10 மீட்டரில் சுமார் 21 | நீண்ட நேரம், ஒன்றும் கிடைக்காமலும் போகலாம் |
| விண்வெளி | கொத்துகளின் மையம், புற ஊதா | பொருளைப் பொறுத்தது | போட்டி, அரிதான நேரம் |

## அப்படியானால் நீங்கள் எதைக் கேட்பது

சுற்றுக்காலம் ஒரு நாளுக்குக் கீழ், அளவாய்வில் 21-க்குள் நீலமான புள்ளி ஒன்று தெரிகிறது, ஷபீரோ தாமதம் கிடைக்கவில்லை: தயங்காமல் நிறமாலை. இந்த நிலையில் வழி 2-ஐத் தனியாகக் கேட்டு ஒரு பருவத்தை இழக்காதீர்கள், படத்தின் வேலையை அளவாய்வே முடித்துவிட்டது.

சுற்றுக்காலம் குறைவு, ஆனால் அளவாய்வில் ஒன்றுமில்லை: இரண்டு ஃபில்டர் படங்கள். ஜே0751-ஐ நினைவில் வையுங்கள். ஒரே விண்ணப்பத்தில் இரண்டையும் அடுக்கிக் கேட்க அனுமதி இருந்தால், "ஜி-ஐ நிறம் நீலமாகவும் ஒளித்தரம் 22-க்குள்ளும் வந்தால் மட்டுமே நிறமாலை" என்று நிபந்தனை போட்டு எழுதுங்கள். நேரம் ஒதுக்கும் குழுவுக்கு அந்த ஒரு வரி மிகவும் பிடிக்கும், ஏனென்றால் வீணாகாது என்ற உறுதி அதில் இருக்கிறது.

சுற்றுக்காலம் பத்து நாளுக்கு மேல்: படம் மட்டும் போதும். துணை ஆறியிருக்கவே வாய்ப்பு அதிகம். வேக வீச்சு நொடிக்கு 100 கிலோமீட்டர் அளவில் இருந்தாலும், அளக்கக் கோடு வேண்டுமே. இங்கே உங்கள் இலக்கு வயதாகத்தான் இருக்கும். பல்சரின் சுழற்சி தளர்வதை வைத்துக் கணக்கிடும் வயதும் துணை ஆறிய வயதும் ஒத்துப்போகாவிட்டால் பதறாதீர்கள். ஜே1012-ல் முதலில் துணைக்கு 30 கோடி ஆண்டு என்றும் பல்சருக்கு 700 கோடி ஆண்டு என்றும் வந்தது. தடித்த ஹைட்ரஜன் உறை தொடர்ந்து எரிவதைச் சேர்த்துக் கணக்கிட்ட பிறகுதான் முரண்பாடு தீர்ந்தது. அந்த முரண்பாடுதான் இத்தகைய வெண்குறுமீன்கள் ஆறும் விதத்தைப் பற்றி நாம் கற்றதற்குக் காரணம்.

ஷபீரோ தாமதத்திலிருந்து நிறை முன்பே தெரியும், தொலைவும் தெரியும்: படம், அப்புறம் துணை சூடாக இருந்தால் நிறமாலை. இந்த வகை அமைப்புகள்தான் இப்போது மிகவும் தேவைப்படுபவை என்பது என் எண்ணம். ஜே0348-ல் நகர்ந்த அந்தப் பாதியை, விடை முன்பே தெரிந்த வெண்குறுமீன்களை வைத்துத்தானே சரிபார்க்க முடியும்.

கடைசியாக, எதைக் கேட்டாலும் நடக்கக்கூடிய ஒன்று: துணை தெரியவே இல்லை. ஜே2222-0137-ன் தொலைவு 267 பார்செக் என்று ரேடியோ துல்லியமாகச் சொன்னது. துணை ஒரு கனமான வெண்குறுமீன் என்று டைமிங் சொன்னது. கெக் உள்ளிட்ட பெரிய தொலைநோக்கிகளால் ஆழமாகப் பார்த்தும் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. தொலைவு உறுதியாகத் தெரிந்ததால், இல்லாத அந்தப் புள்ளியிலிருந்தே கேப்லான் குழுவினர் 2014-ல் துணை 3,000 கெல்வினுக்கும் கீழே ஆறியிருக்க வேண்டும் என்று எழுத முடிந்தது. உங்கள் படத்திலும் வட்டம் வெறுமையாக இருந்தால், எந்த ஃபில்டரில் எந்த ஒளித்தரம் வரை பார்த்தீர்கள், அன்று சீயிங் என்ன, தூசுக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று முழுதாகப் பதிவுசெய்து வெளியிடுங்கள். நாளைக்கு அந்தப் பல்சரின் தொலைவை யாராவது அளந்தால், உங்கள் வெற்றுப் படம் அன்றைக்கு ஒரு வெப்பநிலை ஆகும்.